மலைக் குடியிருப்பில் தட்டம்மை பரவினால்: ஆய்வக முடிவுக்கு முன் செய்ய வேண்டியவை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு குடியிருப்பில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் என்று தகவல் வந்தால் அன்றே கிளம்புங்கள். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே தட்டம்மை தொற்றும். நமக்குச் செய்தி எட்டும்போது அது அடுத்த எஸ்டேட் லைனுக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசைக்கும்) போயிருக்கலாம். முதல் 5 பேரிடம் ரத்தம் எடுத்து அனுப்புங்கள். முடிவு வரும்வரை மற்ற வேலைகள் நிற்கக் கூடாது.

வீடு வீடாகப் போகும்போது ‘தட்டம்மை’ என்று மட்டும் கேட்டால் பலர் இல்லை என்பார்கள். ‘மணல்வாரி’, ‘அம்மை போட்டிருக்கா’ என்றும் கேளுங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அதை எடுக்கச் சொல்லாதீர்கள். வழிபாட்டோடு வாதாடினால் அடுத்த முறை கதவு திறக்காது. குழந்தைக்கு மருந்து போய்ச் சேர்வதுதான் முக்கியம். வயது, போட்ட தடுப்பூசிகள், தடிப்பு தோன்றிய தேதி, அதற்கு முந்தைய 3 வாரத்தில் போய்வந்த இடங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். தேதி விட்டுப்போனால் தொற்று எங்கிருந்து வந்தது என்று பின்னர் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நோயுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் வைட்டமின் ஏ, அடுத்தடுத்த இரண்டு நாள்: 6 மாதத்துக்குள் 50,000 யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். மில்லிக்கு 1 லட்சம் யூனிட் உள்ள சிரப் என்றால் முறையே அரை மில்லி, 1, 2 மில்லி. வண்டி திரும்பிவிடுவதால் தவறிப்போவது இரண்டாம் நாள் மருந்துதான். அதை யார் கொடுப்பது என்று செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ பேசி முடிவு செய்துவிட்டே இறங்குங்கள். மூச்சு வாங்கினால், எதையும் குடிக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால், கருவிழி மங்கினால் உடனே மருத்துவமனைக்கு.

தடுப்பூசிக்குத் தூரத்துக் குடியிருப்புகளை முதலில் எடுங்கள். சாலையோரத்தில் தொடங்கினால், நடந்து போக வேண்டிய காட்டுநாயக்கர், பணியர் பழங்குடிக் குடியிருப்புகளை எட்டுமுன் நாள் முடிந்துவிடும். வடமாநிலத் தொழிலாளர் குழந்தைகள் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். மேஸ்திரியிடம் கேட்டு எண்ணுங்கள். தொற்றுக்கு ஆளான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோய் வராமலோ கடுமையாகாமலோ தடுக்கலாம். பரவலின்போது மருத்துவ அலுவலர் சொன்னால் 6 மாதக் குழந்தைக்கும் போடலாம், ஆனால் அது வழக்கமான ஊசிகளின் கணக்கில் சேராது. 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் அவற்றைப் போட்டே ஆக வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது.

தடுப்பூசித் தூளைக் கலக்கும் கரைப்பு நீரும் தடுப்பூசியைப் போலவே 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கலக்கிய நேரத்தைக் குப்பியில் எழுதி, 4 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இந்தத் தடுப்பூசியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கிடையாது. நேரம் கடந்த குப்பி குழந்தையின் உயிரையே பறிக்கலாம். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கத் தயங்காதீர்கள். உதகையின் உறைபனி இரவுகளில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) இருக்கும் பெட்டியை வண்டியில் விட்டுவிடாதீர்கள், உறைந்தால் அது வீண்.

உண்டு உறைவிடப் பள்ளியில் தட்டம்மை வந்தால் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் பெரிய தவறு. ஒரே நாளில் பல மலைக் கிராமங்களுக்கு நோயை நாமே அனுப்பியதாகிவிடும். நோயுற்றவர்களைத் தடிப்பு வந்து 4 நாள் தனி அறையில் வைத்து, மற்றவர்களுக்கு அன்றே ஊசி போடுங்கள். தொற்றியவருக்கு நோய் தெரிய 3 வாரம்வரை ஆகலாம் என்பதால், கடைசி நோயாளிக்குப் பிறகும் வாரந்தோறும் அதே வீடுகளுக்குப் போய்க் கேட்டு வாருங்கள்.