பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைத் தேடுவது எப்படி

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. அந்தப் பேர்கள் வேண்டுமென்றால் வீடுவீடாகத்தான் தேட வேண்டும். கம்மவான்பேட்டை, குடியாத்தம், ஆற்காடு என்று நம் பக்கம் "பர்மா போனார், வரவே இல்லை" என்ற ஒரே வரியோடு நின்றுபோன தாத்தாக்கள் நிறைய.

முதலில் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். மெடல் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதல் உலகப்போர் வெள்ளி மெடலில் ராஜா தலையை விட நமக்கு முக்கியம் அதன் விளிம்பு; அந்த மெல்லிய ஓரத்தில்தான் படை எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும், தேய்த்தால் மங்கிப்போகும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இரண்டு உலகப்போர்களிலும் இறந்தவர்களை அதில் இலவசமாகத் தேடலாம். முனுசாமி என்ற பேரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள், அதனால் பேரில் சிக்கவில்லை என்றால் கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் நம் பழைய மாவட்டப் பேரான 'நார்த் ஆற்காடு' என்று ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், பல பதிவுகளில் அப்பா பேரும் ஊரும் சேர்ந்தே இருக்கும். பர்மாவில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் உள்ளன. என் பாட்டியின் அண்ணன் அங்கேதான் கிடைத்தார். போனில் அந்த வரியைக் காட்டியபோது பாட்டி விரலால் தடவினார், திரை நகர்ந்து பேர் மறைந்துவிட்டது, மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

1947-க்குப் பிறகு இறந்தவர் என்றால் டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் பேர் இருக்கிறதா பாருங்கள். அவர் இருந்த படைப்பிரிவுக்கே எழுதிக் கேட்பதென்றால் மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்கு பெங்களூரு. யாருக்கு எழுதுவது என்று குழம்பினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, இனி எழுதுவது. விருதுச் சான்று இருந்தால் அப்படியே நகலெடுங்கள். இல்லையென்றால் எத்தனை பேரைச் சுட்டார் என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள், அது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. காட்பாடியில் ரயிலேற்றிவிட்டது யார், தந்தியைப் படித்துச் சொன்னது யார், பென்ஷனுக்குக் கைநாட்டு வைத்தது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். இதை இந்த மாதமே செய்யுங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் இருக்கும்போதே.