பழைய லாரிக்கு பேட்டரி ஏசி: கரண்டு கணக்கு மொதல்ல

3.5 டன்னுக்கு மேல உள்ள லாரி எல்லாம் 2025 அக்டோபர் 1-ல இருந்து ஏசி கேபினோட தான் தயாரிக்கணும்னு ரூல் வந்துருச்சு, ஆனா ரோட்டுல ஓடுற பழைய டாரஸுக்கு (பெரிய லோடு லாரி) அது பொருந்தாது, நாமதான் மாட்டணும்.

பெல்ட்ல ஓடுற கம்ப்ரஸர் மாட்டுனா இன்ஜின் ஓடுற வரைக்கும் தான் குளிர். லோடு எறக்க காத்திருக்கும்போது ஐடில்ல விட்டு தூங்கறது டீசலுக்கும் கேடு, புகை கேபினுக்குள்ள வந்தா உயிருக்கும் கேடு. அதனால 24 வோல்ட் பார்க்கிங் ஏசி, அதாவது இன்ஜின் நிக்கும்போதும் பேட்டரியில ஓடுற ஏசி, மாட்டுங்க. வீட்டு ஏசிய இன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம்னு சிலர் சொல்வாங்க, வேணாம், மாத்துறதுலயே கரண்டு வீணாப்போகும்.

கடைக்காரர்கிட்ட வெலைய கேக்கறதுக்கு முன்னாடி எத்தன ஆம்பியர் இழுக்கும்னு கேளுங்க. 30 ஆம்பியர்னு வச்சுக்குவோம். வண்டியில இருக்கற ரெண்டு 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், எத்தன ஆம்பியர எத்தன மணி நேரம் குடுக்கும்ங்கற கணக்கு) பேட்டரிய கூட்டி 300னு நெனைக்காதீங்க, ஒன்னோட பிளஸ்ஸ இன்னொன்னோட மைனஸ்ல கோத்து சீரீஸ்ல இருக்கறதால வோல்ட் தான் கூடும், ஏஎச் அதே 150 தான், அதுலயும் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ எறக்குனா சீக்கிரம் செத்துரும், ஆக 75 ஏஎச், ரெண்டர மணி நேரம், அவ்ளோதான். அதுக்கு மேல ஓட்டுனா காலைல செல்ஃப் எடுக்காது, யாராவது வந்து தள்ளணும், லோடு வண்டிய யாரு தள்ளுவா?

ராத்திரி பூரா வேணும்னா தனியா 24 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் ஒன்னு (எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை) போடுங்க. அதுல 160 ஏஎச் தாராளமா எடுக்கலாம், கேபின் குளிர்ந்தப்புறம் இழுவை கொறையும், ஆறேழு மணி நேரம் வரும். ஆனா அத நேரா டைனமோவுல கோக்காதீங்க. பழைய வண்டி டைனமோ 45 ஆம்பியர் தான் இருக்கும், லைட்டுக்கே 15 போயிரும், காலி லித்தியம் இருக்கறத எல்லாம் இழுத்து டைனமோ காயில கருக்கிரும். நடுவுல 20 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் வேணும், அது லித்தியத்துக்குப் போற கரண்ட அந்த அளவுக்குள்ளயே நிறுத்தும். எட்டு மணி நேரம் ஓட்டம் இருந்தா ஃபுல் ஆகும், லோக்கல் ட்ரிப் வண்டிக்கு இது பத்தாது.

வயர் 25 ஸ்கொயர் எம்எம் காப்பர், பேட்டரி பிளஸ் பக்கத்துலயே 60 ஆம்பியர் ஃபியூஸ், எர்த்துக்கு சேஸிஸ நம்பாம தனி வயர் இழுங்க, துருப்பிடிச்ச போல்ட்டுல வோல்ட் எறங்கி ஏசி சும்மா சும்மா ட்ரிப் ஆகும் (எலக்ட்ரீஷியன் ஏசி மேல தான் பழி போடுவார்). செலவு பண்றதுக்கு முன்னாடி கேபின் கூரைக்கு உள்பக்கம் இன்சுலேஷன் ஷீட் ஒட்டிருங்க, தகரம் சூடா இருக்கறவரைக்கும் எந்த ஏசியும் முக்கிட்டே தான் ஓடும்.