சர்வர் ஏன் விழுந்தது? முதலில் லாகைப் பாருங்கள்

சர்வர் திரும்ப எழுந்துவிட்டதா, சரி, அவசரப்பட்டு இன்னொரு முறை ரீபூட் செய்யாதீர்கள். லினக்ஸில் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ (journalctl -b -1) என்று அடித்தால் விழுவதற்கு முந்தைய ஓட்டத்தின் லாக், அதாவது நடந்ததையெல்லாம் சர்வர் எழுதிவைத்த பதிவு, வரும் (டிஸ்க்கில் சேமித்திருந்தால்தான்), அதன் கடைசி வரிகளை நிதானமாகப் படியுங்கள். ‘அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்’ என்று இருந்தால் ரேம் தீர்ந்துபோய் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ஒரு புரோகிராமைக் கொன்றிருக்கிறது, பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பதைத்தான் அது கொல்லும், அதனால் கொல்லப்பட்டதுதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஷட்டவுன் செய்தியே இல்லாமல் லாக் பாதியில் அறுந்திருக்கிறதா? மின்சாரம், ஹார்டுவேர், கெர்னல் பேனிக் (கெர்னலே மீள முடியாத பிழையில் நின்றுபோவது) பக்கம் சந்தேகப்படுங்கள். டிஸ்க் நிரம்பியதா என்பதை ‘டிஎஃப் -எச்’ (df -h) சொல்லும். அப்புறம் நேரம், இது ரொம்ப முக்கியம்: சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் லாகில் 18:10 என்பது சிங்கப்பூரில் நமக்கு மறுநாள் அதிகாலை 2:10. அந்த நேரத்தில் பேக்கப் ஏதும் ஓடுகிறதா என்று கிரானை (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) திறந்து பாருங்கள்.