பொடக்காளி மண்ணில் ஈயம்: தோண்டி எறியாமல் சமாளிப்பது எப்படி

எங்கள் வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பின்னால் எட்டு சென்ட் பொடக்காளி (கொல்லைப்புறம்). அதன் மேற்கு மூலையில் முன்பு ஒருவர் வாடகைக்குக் கொட்டகை போட்டுப் பழைய பேட்டரி உடைத்துக்கொண்டிருந்தார். அவர் காலி செய்த பிறகு அங்கே கீரைப் பாத்தி போடலாம் என்று அத்தை மண்வெட்டியைத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது, பேட்டரித் தட்டு என்றால் ஈயம்.

ஈயம் மக்காது, ஆவியாகாது, மழையிலும் பெரிதாக நகராது, விழுந்த இடத்திலேயே தலைமுறை தாண்டிக் கிடக்கும். அதனால் இது மண்ணிலிருந்து ஈயத்தை எடுக்கும் வேலை இல்லை, அது வாய்க்கும் கிணற்றுக்கும் போகாமல் கட்டிப்போடும் வேலை. இது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

படி 1: மண் மாதிரி. நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வழக்கமாக வயலில் எடுப்பதுபோல அங்கங்கே ஐந்து குழி போட்டு, எல்லா மண்ணையும் கலந்து, கால் பங்கு பிரித்து ஒரே பையில் கொடுத்தேன். உர அளவு பார்க்க அது சரி. ஈயத்துக்குத் தப்பு. ஒரு குழியில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம், மற்ற நாலிலும் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், கலந்தால் 224 வரும். குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல வருஷம் 400 என்றுதான் வரம்பு வைத்திருந்தது (2024இல் 200 ஆக்கினார்கள்), ஆக அந்தப் பழைய கணக்கில் உங்கள் பொடக்காளி பாஸ்! கொட்டகை மூலை தனிப் பை, கிணற்றடி தனிப் பை, தென்னைப் பக்கம் தனிப் பை. கோழியோ குழந்தையோ புழங்கும் இடமென்றால் மேல் ஒரு அங்குல மண்ணை மட்டும் இன்னொரு பை. துருப்பிடித்த கொத்து வேண்டாம், மரக்கரண்டி போதும்.

இன்னொன்று, அரசு தரும் மண்வள அட்டையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதில் பார்ப்பது பன்னிரண்டு விஷயம்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அப்புறம் பி.எச் (ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம் என்று காட்டும் அளவு), உப்புத்தன்மை, கரிமம். ஈயமே கிடையாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியவள் சொல்கிறேன். என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள தனி ஆய்வகத்தில், "ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

படி 2: பி.எச் பார்க்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள். மலையாள வீடியோ எல்லாவற்றிலும் முதல் வார்த்தையே கும்மாயம்தான், அதாவது சுண்ணாம்பு. கேரளத்தின் செம்மண் பெரும்பாலும் புளிப்பு, அங்கே சுண்ணாம்பு போட்டால் ஈயமும் காட்மியமும் அடங்கும். ஆனால் நம் சித்தூர்த் தாலுகா கரிசல் ஏற்கெனவே சுண்ணாம்பு மண், எங்கள் மண்ணில் பி.எச் எட்டைத் தாண்டியது. மேலும் போட்டால் பயிருக்கு இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் இலை வெளுக்கும், அவ்வளவுதான் லாபம். நான் வாங்கிய மூட்டை இன்னும் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. எலும்புத்தூளும் அப்படித்தான்: அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஈயத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கும் என்பது உண்மை, ஆனால் கார மண்ணில் எலும்புத்தூளே சரியாகக் கரையாது. (குத்துகிற இரண்டு முள் பி.எச் மீட்டரை வாங்க வேண்டாம், பொம்மை.)

படி 3: ஈயத்தைக் கட்டிப்போட மக்கிய சாணம். மண்ணை முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள், தூசிதான் எதிரி, முகக்கவசமும் கட்டாயம். இரண்டு மூன்று அங்குலம் பரப்பி அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்தால் போதும்.

படி 4: வெட்டிவேர். கடுகு விதைத்தால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று படித்து நானும் ஒரு போகம் விதைத்தேன். மண்ணோடு ஒட்டிய ஈயத்தைக் கடுகு தானாகப் பெரிதாக எடுக்காது. ஈ.டி.டி.ஏ என்ற ரசாயனத்தை ஊற்றினால் எடுக்கும், ஆனால் இளகிய ஈயம் நிலத்தடி நீருக்கும் இறங்கும். கிணறு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெட்டிவேர் அப்படியில்லை, ஈயத்தில் பெரும்பங்கை வேரிலேயே வைத்துக்கொள்ளும், மண்ணையும் அரிக்க விடாது. தூரைப் பிரித்து, தழையை முக்கால் சாண் விட்டு நறுக்கி, அரைச்சாண் இடைவெளியில் ஆடி மழைக்கு முன் நட்டேன்.

அடுத்த கோடையில் அத்தை ஒரு பிடி வேரை அலசிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் கண்ணு, கடையில காசு குடுத்து வாங்கறதுதானே இது, பானையில போட்டுக்கலாமா?" என்றார். நல்லவேளை, கேட்டார். இந்த வேரைப் பானையில் போடக் கூடாது, விற்கக் கூடாது, தழையை மாட்டுக்கும் வைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். நறுக்கியது அந்த மூலையிலேயே மூடாக்காகக் கிடக்கட்டும்.

படி 5: கோழிக்கு வலை. கிளறித் தின்னும் கோழியின் முட்டையில் ஈயம் வரும். கீரையும் கிழங்கும் வேறு இடத்து மண் நிரப்பிய ஓரடி உயர மேடைப் பாத்தியில் மட்டும்.

பின்சேர்க்கை: வாணியம்பாடியிலிருந்து ஒருவர், தோல் பதனிடும் இடத்துக் கழிவு பட்ட நிலத்துக்கும் இதே முறைதானா என்று கேட்டிருந்தார். சாணம் சரி, சுண்ணாம்பு கூடவே கூடாது. அங்கே பயம் குரோமியம்தான், அதிலும் ஆறு இணைதிறன் உள்ள வடிவம் (Cr6+) கார மண்ணில்தான் சுலபமாக நகரும். மக்கிய எரு அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கும், அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நச்சும் குறைவு. ஆய்வகத்தில் மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்துத் தருவார்கள், ஆறு இணைதிறனைத் தனியாக எழுதிக் கேளுங்கள், கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.