பிரித்தானியாவுக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு: பிள்ளை தீவிரவாதத்தின் பக்கம் இழுபடுவதை அறிந்துகொள்வது எப்படி?

வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப வைத்தியர்) பதிவு, பாடசாலை அனுமதி ஆகியவற்றுக்கு வழி சொல்ல ஊரவர்கள் பலர் இருக்கிறார்கள்; லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் அத்தனையையும் கேட்டு அறிந்துவிடலாம். எவரும் வாய் திறக்காத விடயம் ஒன்றை, என் நண்பர் ஒருவரின் சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். அவருடைய பதினைந்து வயது மகன் ஹிட்லரின் வெள்ளை இனவாதத்தைப் போற்றும் இணையவழி நவநாசிக் குழுவொன்றுக்குள் இழுக்கப்பட்டான்.

தமிழ்ப் பிள்ளையை வெள்ளை இனவாதிகள் எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இணைய விளையாட்டில் முகமும் நிறமும் தெரிவதில்லை. சேர்ந்து வெறுப்பதற்கு ஓர் எதிரி கிடைத்தால் போதும். சிங்கப்பூரில் 2020 டிசெம்பரில் தடுத்துவைக்கப்பட்ட 16 வயது மாணவன் இந்திய வம்சாவளியினன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் 2019 இல் இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கி 51 பேரைக் கொன்றவனைப் பின்பற்றி, அதே மார்ச் 15 ஆம் திகதியில், தன் வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்க அவன் திட்டமிட்டிருந்தான். வீட்டார் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இங்கே கோர்ன்வாலில், 13 வயதில் வெடிகுண்டுக் கையேட்டைத் தரவிறக்கிய சிறுவன் ஒருவன், பாட்டியின் வீட்டில் இருந்துகொண்டே நவநாசிக் குழுவொன்றின் பிரித்தானியக் கிளையை நடத்தினான். பயங்கரவாதத் தொடர்புக்காகத் தாங்கள் விசாரிப்பவர்களில் நூற்றுக்கு 13 பேர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று பிரித்தானியாவின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5 இன் தலைவர் 2024 ஒக்டோபரில் கூறினார்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கணினி முன் இருக்கும் பிள்ளை படிக்கிறான் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். நண்பரின் மனைவி, மகன் இப்போது ஊர் சுற்றுவதில்லை, கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான் என்று யாழ்ப்பாணத்திலிருக்கும் தன் தாயாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவனது கணிதக் கொப்பியின் பின்னட்டையில் 88 என்ற எண் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, பரீட்சையில் எடுக்க நினைக்கும் புள்ளி என்று எண்ணியிருக்கிறார். ஆங்கில அரிச்சுவடியில் எட்டாவது எழுத்து எச்; இரண்டு எட்டுகள் சேர்ந்தால் ‘ஹைல் ஹிட்லர்’ என்பதன் சுருக்கம். இது எந்தத் தாய்க்குத் தெரியும்?

ஓர் அறிகுறியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல சேர்ந்து வருவதையும், விரைவாக வருவதையும் கவனியுங்கள். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக மறைவார்கள். நீங்கள் அறைக்குள் வந்தவுடன் திரை மாறும். ஓர் இனத்தையோ மதத்தையோ பெண்களையோ பூச்சி புழுக்களாகப் பேசிவிட்டு, கேட்டால் பகிடி என்பான். சில காலம் சென்றபின் அது பகிடி அல்ல என்று அவனே வாதாடுவான். கொலையாளிகளின் பெயர்களை விளையாட்டு வீரர்களின் பெயர்களைப் போல மதிப்புடன் சொல்வது எல்லாவற்றிலும் கடுமையான அறிகுறி. மாறாக, கூடுதலாகக் கடவுளை வணங்குவதும், தாடி வளர்ப்பதும், ஊர்வலத்துக்குப் போவதும், அரசைத் திட்டுவதும் தீவிரவாதம் அல்ல.

நண்பரின் குடும்பம் அகப்பட்ட பொறி வேறோர் இடத்தில் இருந்தது. பாடசாலை அந்தக் கொப்பியை முன்பே கண்டு பெற்றோரை அழைத்திருந்தது. இருவருக்கும் ஆங்கிலம் போதாது. வங்கியிலும் கவுன்சிலிலும் செய்வதைப் போலவே, மகனையே நடுவில் இருத்தி மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஆசிரியை தாளைக் காட்டி நீண்ட நேரம் பேசினார். மகன், “வகுப்பில் படம் கீறுகிறேனாம், கவனம் போதாதாம்” என்று முடித்தான். தந்தை தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வந்தார். பெற்றோர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு அக்கறையின்றி இருக்கிறார்கள் என்று பாடசாலை குறித்துவைத்தது. கோடை விடுமுறை முழுவதும் அவன் அறைக்குள் கழிந்தது. பின்னர் ஒரு விடியற்காலையில் பொலிஸார் வந்து, தந்தையின் வேலைத் தொலைபேசி உட்பட எல்லாக் கருவிகளையும் எடுத்துச் சென்றார்கள். மொழிபெயர்ப்பது அவர்களுடைய பிள்ளையே என்று தெரிந்தும் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைக்கத் தோன்றாத அந்தப் பாடசாலையின் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் உண்டு. முதலில் அவரிடம் பேசுங்கள். பயங்கரவாதத் தடுப்புப் பொலிஸார் நடத்தும் ‘ஆக்ட் ஏர்லி’ ஆலோசனை எண் 0800 011 3764. உயிராபத்து உடனடியாக இருந்தால் 999. தீவிரவாதத்தின் பக்கம் இழுபடுவோரை மீட்க உதவும் ‘சனல்’ என்ற திட்டத்தில் சேருவதற்குச் சம்மதம் தேவை. சேர்வது குற்றப்பதிவும் அல்ல. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு நெஞ்சு பதறும் என்பதை அறிவேன். ஊரில் அவர்களிடம் போனவர் திரும்பாத கதைகளுடன்தானே வந்தோம், இங்கும் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்ட 2001 முதல் ‘பயங்கரவாதி’ என்ற சொல்லை நம் மீதே ஒட்டினார்கள். ஆயினும் கைப்பேசியைப் பறித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பையனை லெஸ்டரிலுள்ள சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். அவனை இழுத்தவர்கள் யார் என்பதற்கான தடயமும் அத்துடன் போய்விடும்.

பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால், நாளைக் குறிப்பதற்கு முன்பே “தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்” என்று சொல்லுங்கள், அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கூட்டத்தில் பேசியவற்றை எழுத்தில் தருமாறு கேளுங்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுக்காமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள்.