நிகழ்வு நடந்தும் லிசனர் அசையாவிட்டால்

உதகைக்கு அருகே தலைக்குந்தாவில், உறைபனி இறங்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே போனதும் கேரட் தோட்டத்தில் மணி அடிக்கவும் ஸ்பிரிங்கிளரைத் திறக்கவும் ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பமானி வகுப்புக்கு மணியும் தெரியாது, ஸ்பிரிங்கிளரும் தெரியாது. ‘பனிலிசனர்’ என்னும் இன்டர்ஃபேஸை, அதாவது என்னென்ன மெத்தட்கள் (செயல்கள்) இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை, மட்டுமே அது அறியும். மணியும் ஸ்பிரிங்கிளரும் அந்த ஒப்பந்தப்படி எழுதப்பட்டு, வெப்பமானியின் பட்டியலில் பதிந்துகொண்டு, குளிர் இறங்கும் நிகழ்வின் அறிவிப்புக்குக் காத்திருக்கும் லிசனர்கள். ஒரு நாள் குளிர் இறங்கியும் மணி அடிக்கவில்லை; திரையில் பிழைச் செய்தியும் இல்லை. பெரும்பாலோர் உடனே மணி வகுப்பைத் திறந்து குடைவார்கள். அங்கிருந்து தொடங்குவது வீண் வேலை.

முதலில், வெப்பமானி நிகழ்வை அறிவிக்கும் வரிக்கு முன்னால் லிசனர் பட்டியலின் எண்ணிக்கையை அச்சிடுங்கள். அந்த வரியே அச்சாகாவிட்டால் நிகழ்வு கிளம்பவே இல்லை என்று பொருள். எல்லையைக் கடக்கும் கணத்தில் மட்டும் அறிவிக்குமாறு எழுதப்பட்ட நிரலை, ஏற்கெனவே குளிர்ந்துவிட்ட பின் இயக்கினால் இப்படித்தான் ஆகும். எண்ணிக்கை பூஜ்யம் என்றால் பதிவு தவறியிருக்கிறது: புதிய பொருளை உருவாக்கும் நியூ என்ற சொல்லை இரண்டு இடங்களில் எழுதி, ஒரு வெப்பமானியிடம் மணியைப் பதிந்துவிட்டு இன்னொன்றை ஓடவிட்டிருப்பீர்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மணி அடிக்கவில்லையா? என் கணிப்பில் மிகவும் வஞ்சகமான பிழை இதுதான். 2014இல் வெளிவந்த ஜாவா 8 முதல், இன்டர்ஃபேஸிலேயே உடலுடன் கூடிய டிஃபால்ட் மெத்தட் எழுதலாம்; வகுப்பு தனக்கென அதை எழுதாவிட்டால் இதுவே இயங்கும். இன்டர்ஃபேஸில் அந்த மெத்தட் டபுள் என்னும் தசம எண் வகையில் அளவைப் பெற்று, உடலில் எதுவும் செய்யாமல் இருக்க, மணி வகுப்பில் நீங்கள் அதே பெயரில் ஃப்ளோட் என்னும் இன்னொரு தசம எண் வகையைப் பெறும் மெத்தட்டை எழுதினால், கம்பைலர் அதைப் புதிய மெத்தட்டாகவே ஏற்றுக்கொள்ளும். வெப்பமானி அழைப்பதோ இன்டர்ஃபேஸில் உள்ள வெற்று மெத்தட்டை. மெத்தட்டுக்கு மேலே ‘இன்டர்ஃபேஸில் உள்ளதற்கு மாற்று இது’ என்று சொல்லும் ஓவர்ரைடு குறிப்பைச் சேர்த்துவிட்டால், பொருந்தாத இடத்தைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். இதைச் சோம்பல்பட்டு விடுபவர்களை நான் மன்னிப்பதில்லை.

பட்டியலில் முன்னே நிற்கும் ஸ்பிரிங்கிளர் எக்செப்ஷன் (இயங்கும்போது எழும் பிழை) வீசினாலும், லிசனர்களை ஒவ்வொன்றாக அழைக்கும் சுற்று அங்கேயே முறிந்து மணிக்குத் தகவல் போகாது. ஆகையால் ஒவ்வொரு அழைப்பையும், பிழையைப் பிடித்துக்கொள்ளும் தனித்தனி ட்ரை–கேட்ச்சுக்குள் வைத்து, பிழையை விழுங்காமல் பதிவேட்டில் எழுதுங்கள். சுற்றுக்கு நடுவே லிசனர் தன்னையே நீக்கிக்கொள்ளும் நிலை இருந்தால், மாற்றம் வரும்போதெல்லாம் புதிய நகல் எடுத்துக்கொள்ளும் காபி ஆன் ரைட் அரே லிஸ்ட் என்ற பட்டியல் வகை போதும். லாம்டாவாக, அதாவது பெயரில்லாத குறுஞ்செயலாக, பதிந்த லிசனரை நீக்க, அதே லாம்டாவை மறுபடி எழுதினால் பயனில்லை; அது வேறொரு பொருளாகவே கொள்ளப்படும். முதலிலேயே ஒரு மாறியில் வைத்து, அதையே கொடுக்க வேண்டும்.

சோதிப்பதற்காக அதிகாலை மூன்று மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. அழைப்புகளை எண்ணுவதை மட்டும் செய்யும் ஒரு லிசனரை எழுதிப் பதிந்து, வெப்பமானிக்கு 5, 1, 5, 1 என்று போலி அளவுகளைக் கொடுங்கள். எண்ணிக்கை 2 வர வேண்டும். 4 வந்தால் அதே லிசனர் இருமுறை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.