பிள்ளை பெயரில் வட்டியும் டிவிடெண்டும் வருகிறதா? அமெரிக்காவில் வரி தாக்கல் செய்யும் முறை

குழந்தை பிறந்ததுமே அதன் பெயரில் யுடிஎம்ஏ கணக்கு (சிறுவர் பெயரில் பெரியவர் நிர்வகிக்கும் முதலீட்டுக் கணக்கு) திறந்து, மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு வரும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர். பத்து வருஷம் கழித்து, பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் போட்டு வருமானத்தைக் காட்டும் ஒரு 1099 படிவம் வரும்போதுதான் இதற்கும் வரி உண்டா என்ற கேள்வி எழும். உண்டு. ஒரு வரம்பைத் தாண்டினால் பெற்றோரின் விகிதத்திலேயே வரி வரும். பெற்றோர் தங்கள் முதலீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றி வரியைக் குறைத்துக்கொள்வதைத் தடுக்க 1986-ல் வந்த விதி இது. பேச்சுவழக்கில் 'கிட்டி டாக்ஸ்'. கீழே உள்ள தொகைகள் 2025 வரி ஆண்டுக்கானவை.

படி 1: வருமானத்தைக் கூட்டுங்கள்

வட்டிக்கு 1099-ஐஎன்டி, டிவிடெண்டுக்கு 1099-டிஐவி, பங்கு விற்றிருந்தால் 1099-பி. மூன்றையும் எடுத்து வையுங்கள். தாத்தா பாட்டி கொடுத்த பணம் பிள்ளைக்கு வருமானம் ஆகாது. அந்தப் பணம் ஈட்டும் வட்டி வருமானம்தான். ஊரில் பிள்ளை பெயரில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியும் இதில் சேரும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

படி 2: எந்த வரம்பில் இருக்கிறது?

பிள்ளைக்கு வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1,350 டாலர் வரை தாக்கலே தேவையில்லை. அதற்கு மேல் 2,700 வரையுள்ள பகுதிக்குப் பிள்ளையின் சொந்த விகிதத்தில் வரி. 2,700-ஐத் தாண்டிய தொகைக்குப் பெற்றோரின் விகிதம். அதைக் கணக்கிடும் படிவம் 8615. இந்தப் பெற்றோர் விகித விதி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. தன் செலவில் பாதிக்கு மேல் சொந்தச் சம்பாத்தியத்தில் பார்த்துக்கொள்ளாத 18 வயதினருக்கும், அதே நிலையில் உள்ள 19 முதல் 23 வரையிலான முழுநேர மாணவர்களுக்கும் பொருந்தும்.

படி 3: யாருடைய ரிட்டர்னில் காட்டுவது?

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பிள்ளையின் வருமானம் வட்டி, டிவிடெண்ட் மட்டுமே என்றால், மொத்தம் 13,500 டாலருக்குக் கீழ் என்றால், படிவம் 8814 மூலம் அதை உங்கள் ரிட்டர்னிலேயே சேர்த்துவிடலாம். பங்கு விற்ற லாபம் இருந்தாலோ பிள்ளை பெயரில் முன்கூட்டியே வரி பிடித்திருந்தாலோ இந்த வழி கிடையாது.

வேலை மிச்சம் என்று பலரும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 12 வயது மகளுக்கு 3,700 டாலர், முழுவதும் குவாலிஃபைட் டிவிடெண்ட் (குறைந்த விகிதத்தில் வரி விதிக்கப்படும் வகை). பெற்றோருக்கு அந்த வகை டிவிடெண்டுக்கு 15 சதவீத வரி. மகளுக்குத் தனி ரிட்டர்ன் போட்டால் முதல் 1,350 கழிவில் (வரி இல்லாத பகுதி) போய்விடும்; அடுத்த 1,350-க்கு அவளுடைய விகிதம் பூஜ்யம்; மீதி 1,000-க்கு 150 டாலர். 8814-ல் போட்டாலோ, நடுவிலுள்ள 1,350-க்கு 10 சதவீதம், அதாவது 135 டாலர் கூடுதல். மொத்தம் 285. போதாததற்கு உங்கள் ஏஜிஐ-யும் (சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம்) ஏறும். அதை வைத்து முடிவாகும் சலுகைகள் குறையலாம். முழுவதும் வங்கி வட்டி என்றால் இந்த 135 வித்தியாசம் வராது. டிவிடெண்ட் இருந்தால் நான் தனி ரிட்டர்னைத்தான் சொல்வேன்.

படி 4: தனி ரிட்டர்ன் போடும் வரிசை

முதலில் உங்கள் ரிட்டர்னை முடியுங்கள், ஏனென்றால் 8615-க்கு உங்கள் வரிக்குரிய வருமானம் வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் எல்லோருடைய கணக்கையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படிவத்தில் மற்றவர் தொகையும் கேட்கும்.

அப்புறம் பிள்ளையின் 1040, அதாவது வருமான வரி ரிட்டர்ன் படிவம். 'வேறொருவர் என்னைச் சார்ந்தவராகக் காட்டலாம்' என்ற கட்டத்தில் கட்டாயம் டிக் போடுங்கள். விட்டுவிட்டால் மென்பொருள் பெரியவர்களுக்கான முழுக் கழிவைக் கொடுத்துவிடும். வரி பூஜ்யம் என்று காட்டும். பிறகு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதம் வரும்.

கையெழுத்துப் போடத் தெரியாத சின்னக் குழந்தை என்றால், தாளில் அனுப்பும்போது குழந்தையின் பெயரை எழுதி, பக்கத்தில் நீங்கள் பெற்றோராகக் கையெழுத்திடுங்கள். கடைசி நாள் உங்களுக்கு உள்ளதுதான், ஏப்ரல் 15.